கார்னில்லாவை எந்த வாசல் வழியாகச் சந்திப்பது?

நியூயார்க்கில் ஒரு திருடன். கையில் கடப்பாரை. திருடிய இடத்தை இடித்து நொறுக்கிவிட்டுப் போவது அவன் வழக்கம். ஒருநாள் அவன் புகுந்த அறையில் சூழ்ச்சிக்காரத் தேவன் லோகி இருக்கிறான். ஓடின் என்ற தேவர் அரசனால் சக்தி பறிக்கப்பட்டுப் பூமிக்குத் துரத்தப்பட்ட லோகி. திருடன் அவனை அடித்து வீழ்த்துகிறான், அவனுடைய கொம்பு வைத்த தலைக்கவசத்தை எடுத்துத் தன் தலையில் மாட்டிப் பார்க்கிறான். லோகி உதவி கேட்டு அழைத்திருந்த நார்ன் அரசி கார்னில்லா சரியாக அந்த நேரத்தில் அங்கே தன் மாயத்தைச் செலுத்துகிறாள். கவசத்தைப் பார்த்து, எதிரே இருப்பவன் லோகிதான் என்று நம்பி, ஒரு தேவனுக்கு உரிய வலிமை முழுவதையும் அந்தத் திருடனிடம் கொடுத்துவிடுகிறாள். அவன் கையிலிருந்த கடப்பாரையும் மந்திர ஆயுதமாகிவிடுகிறது. 1968 ஜனவரி தேதியிட்ட 'தோர்' காமிக்ஸின் 148ஆம் இதழ் இது. 'ரெக்கர்' என்ற வில்லன் பிறந்த கதை.

எனக்குக் கார்னில்லா அறிமுகமானது இந்தக் கதையில்தான். அது தவறான வாசல் என்று தெரிந்துகொள்ள வெகு காலம் ஆயிற்று. வில்லன்களுக்கு வலிமை விநியோகிக்கும் ஓர் உப பாத்திரம் என்றே அவளை நினைத்து வைத்திருந்தேன். பின்னாளில், 1980களில் 'தோர்' காமிக்ஸை எழுதிய வால்ட்டர் சைமன்சனின் கதைகளுக்கு வந்தபோது, நான் அலட்சியமாகக் கடந்துபோன பெண்ணை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. அதனால்தான் கார்னில்லாவை எங்கிருந்து தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடிவதில்லை. நுழையும் இடத்தைப் பொறுத்து அவள் வேறு வேறு ஆளாகத் தெரிகிறாள்.

அவளைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மார்வெல் காமிக்ஸ் பழைய ஸ்காண்டிநேவியர்களின் நார்ஸ் தொன்மங்களிலிருந்து எடுத்துக் கட்டிய உலகில் நார்ன்ஹைம் என்ற நாட்டின் அரசி கார்னில்லா. பெரும் மந்திரக்காரி. நார்ன் கற்கள் என்ற மாயக் கற்கள் அவளோடு சேர்த்துப் பேசப்படுபவை. சில நேரம் லோகியோடு கைகோப்பாள், சில நேரம் தேவர்களின் உலகமான அஸ்கார்டுக்குக் கை கொடுப்பாள். அவள் எந்தப் பக்கம் நிற்பாள் என்பதை முடிவு செய்வது ஒரே ஒரு விஷயம்: பால்டர் மேல் அவள் வைத்த காதல். பால்டரோ அஸ்கார்டின் வீரன், இடியின் தேவன் தோரின் உற்ற தோழன், அவளுடைய எதிரிகளின் பக்கத்தில் நிற்பவன். நார்ன் என்றால் விதியை எழுதும் தேவி. விதியின் பெயரையே பட்டமாகச் சூடியவளுக்கு ஒருவன் மனத்தை மட்டும் ஆணையிட்டுப் பெற முடியவில்லை. எனக்கு அவளுடைய கதை என்பது இதுதான். எந்த வாசல் இதை நன்றாகக் காட்டுகிறது என்பதே நான் கையில் எடுத்துக்கொள்ளும் அளவுகோல்.

முதல் வழி, பிறந்த இடத்திலிருந்து தொடங்குவது. 1964இல் 'ஜர்னி இன்டு மிஸ்டரி' என்ற இதழின் முன்பகுதியில் தோரின் சாகசம் வரும். பின்பகுதியில் 'டேல்ஸ் ஆஃப் அஸ்கார்ட்' என்ற தலைப்பில் ஐந்தே பக்கங்களில் ஒரு பழங்கதை வரும். எழுத்து ஸ்டான் லீ, ஓவியம் ஜாக் கிர்பி. அந்த ஆண்டின் மார்ச் இதழில் மரண தேவி ஹெலா வந்தாள், ஏப்ரலில் மோகினி அமோரா வந்தாள், ஆகஸ்ட் தேதியிட்ட 107ஆம் இதழில் நார்ன் அரசி வந்தாள். அரை ஆண்டுக்குள் மூன்று மாயப் பெண்கள். அமெரிக்க நாயகக் கதைகளில் பெண்கள் பெரும்பாலும் காப்பாற்றப்படுவதற்காகவே இருந்த காலம் அது. அப்போது தோரையே நடுங்க வைக்கக்கூடிய மூவரை அடுத்தடுத்துக் கொண்டுவந்த கிர்பியையும் லீயையும் நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

இந்த வழியில் வந்தால் கிடைப்பது கிர்பியின் கை. அரண்மனைத் தூண்களும் பாறைகளும் அரசியின் தலையணியும் ஒரே கல்லில் செதுக்கியவை போல இருக்கும். கதைகள் சிறியவை என்பதால் ஒரே மாலையில் பலவற்றைப் படித்துவிடலாம். தொகுப்பாகவும் கிடைக்கின்றன. ஆனால் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, மொழி. லீ தேவர்களுக்குக் கொடுத்திருப்பது பழைய ஆங்கிலத்தின் சாயல். பள்ளியில் ஷேக்ஸ்பியரைக் கண்டு மிரண்டவர்களுக்கு முதல் பத்துப் பக்கம் சோர்வு தட்டும். இரண்டாவது தடை இன்னும் பெரியது. தொடக்கக் கதைகளில் கார்னில்லாவுக்கு உள்மனம் கிடையாது. பால்டரைச் சாய்க்கும் வழி என்ன என்ற கேள்வியைச் சுற்றிப் பின்னிய கதையில் ஒரு சக்தியாக நிற்கிறாள், அவ்வளவுதான்.

1960களின் பிற்பகுதிக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. ரெக்கரின் கையில் தோர் சாகும் நிலைக்குப் போன பிறகு, அவன் காதலி சிஃப் அவனைக் காப்பாற்ற வேறு வழியின்றி நார்ன் அரசியிடம் போகிறாள். சிஃபின் உயிர் 'டெஸ்ட்ராயர்' என்ற இரும்புக் கவச அரக்கனுக்குள் செலுத்தப்படுகிறது. காதலனுக்காகத் தன் உடலையே விட்டு வெளியேறத் துணிந்த பெண் ஒருத்தி. காதலிக்கும் ஆள் தன் பக்கம் திரும்பமாட்டானா என்று காத்திருக்கும் அரசி ஒருத்தி. இருவரும் எதிரெதிரே நிற்கும் அந்தப் பக்கங்களில்தான் கார்னில்லா முதன்முறையாக மனுஷியாகத் தெரிகிறாள். அங்கே வந்துசேர நான்கு ஆண்டு இதழ்களைக் கடக்க வேண்டும். புதிதாக வருபவருக்கு அது நீண்ட நடை.

இரண்டாவது வழியாகச் சிலர் 1978இன் ரக்னராக், அதாவது தேவர்களின் அழிவு பற்றிய கதையைச் சொல்வார்கள். ராய் தாமஸ் எழுதி ஜான் புசேமா வரைந்தது. 274ஆம் இதழில், மூலத் தொன்மத்தில் நடப்பது போலவே பால்டர் புல்லுருவியால் வீழ்கிறான். மிஸில்டோ என்று ஆங்கிலத்தில் சொல்லும் அந்தச் செடிக்கு நம் புல்லுருவி நெருங்கிய உறவு, மரத்தில் ஒட்டி வளர்வது. கதை கம்பீரமானது, ஓவியமும் அப்படியே. ஆனால் அது பால்டரின் கதை, ஓடினின் கதை. கார்னில்லாவைத் தேடி வருபவர் இதிலிருந்து தொடங்க வேண்டிய தேவை இல்லை. மூன்றாவது வழியைப் படிப்பவர்களுக்கு ஒரு முன்கதையாக இது உதவும். அதற்குமேல் நான் இதை வற்புறுத்தமாட்டேன்.

மூன்றாவது வழிதான் என்னை மாற்றியது. 1983 நவம்பரில் 337ஆம் இதழிலிருந்து வால்ட்டர் சைமன்சன் 'தோர்' இதழை எழுதவும் வரையவும் தொடங்கினார். 1987இல் 382ஆம் இதழ் வரை அவர் எழுதினார், பிற்பகுதியை வரைந்தவர் சால் புசேமா. நார்ஸ் நூல்களை உண்மையாகவே படித்து, நேசித்து எழுதியவர் சைமன்சன் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும்.

அவர் பால்டரை எப்படித் தொடங்குகிறார் என்று பாருங்கள். செத்து மீண்ட வீரன் அவன். கீழுலகில் தான் கொன்றவர்கள் ஒவ்வொருவரையும் முகத்துக்கு முகம் பார்த்துவிட்டு வந்தவன். இனி ஆயுதம் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறான். உடல் பெருத்துவிட்டது, நடை தளர்ந்துவிட்டது. அஸ்கார்டின் இளைஞர்களுக்கு அவன் கேலிப்பொருள். அவனைச் சீண்ட வந்த இளைஞன் ஒருவனை அடக்கி வைத்துக்கொண்டு, பால்டர் எதைக் கண்டுவிட்டு வந்தான் என்று தோரின் பருமனான தோழன் வோல்ஸ்டாக் சொல்லும் இடம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளாகச் சிரிக்க வைப்பதற்காகவே வந்துபோன வோல்ஸ்டாக், அந்தப் பக்கங்களில் எவ்வளவு கனிந்தவனாக இருக்கிறான்! 1984 ஜூன் தேதியிட்ட 344ஆம் இதழ் பெரும்பாலும் பால்டருக்கே உரியது. ஓடினின் செய்தியைச் சுமந்துகொண்டு லோகியிடம் போகிறான். கொல்லமாட்டேன் என்ற சபதம் அங்கே உடைகிறது. அந்தக் குற்றவுணர்வோடு அவன் பாலைவனத்துக்குள் போய்விடுகிறான்.

கார்னில்லாவைப் பற்றிப் பேசும்போது பால்டரைப் பற்றியே பேசிக்கொண்டு போகிறேனே என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. முந்தைய கதைகளில் அவள் ஏன் இவனை இவ்வளவு நேசிக்கிறாள் என்பதற்கு விடை கிடையாது. அழகன், வீரன், நல்லவன், அதனால் நேசிக்கிறாள் என்று நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். சைமன்சன் பால்டரிடமிருந்து அழகையும் எடுத்துவிட்டார், வீரத்தையும் எடுத்துவிட்டார். அப்போதும் அவள் காதல் மிஞ்சியிருக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் இருபது ஆண்டுக் கதை முழுவதும் புதிய வெளிச்சத்தில் தெரிகிறது. அவளுடைய சூழ்ச்சிகளுக்கும் பேரங்களுக்கும் அடியில் ஓடியது ஆசை மட்டும்தானா என்று திரும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றுகிறது.

அடுத்து 1985 நவம்பரில் தொடங்கி நான்கு இதழ்களாக வந்தது 'பால்டர் தி பிரேவ்'. சைமன்சன் எழுத்து, சால் புசேமா ஓவியம். பனி அரக்கர்கள் நார்ன்ஹைமைத் தாக்கி அரசியைச் சிறைப்பிடிக்கிறார்கள். பால்டர் அவளை மீட்கப் போகிறான். அரசி சிறைப்படுவது, வீரன் மீட்பது என்பது பழைய அச்சுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அவளுடைய சொந்தக் கதையில் அவளே கட்டுண்டு கிடப்பது எனக்கும் உறுத்தியது. ஆனால் இத்தனை காலமும் அவள்தான் அவனைத் தேடிப் போனாள், வலை விரித்தாள், பேரம் பேசினாள். முதன்முறையாக அவன் தன் விருப்பத்தால் அவளைத் தேடி நடக்கிறான். கட்டாயம் இல்லை, மந்திரம் இல்லை, யாருடைய உயிரும் பணயமாக வைக்கப்படவில்லை. அந்த நடையைக் காட்ட அவள் அசையாமல் ஓரிடத்தில் இருக்க வேண்டியிருந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இந்த வழியில் நடைமுறைத் தொல்லையும் உண்டு. 2011இல் வந்த சைமன்சன் ஆம்னிபஸ் என்ற ஒரே நூல் பெருந்தொகுப்பில் இந்த நான்கு இதழ்களும் சேர்ந்தே இருக்கின்றன. நூல் ஆயிரத்துக்கும் அதிகமான பக்கங்கள் கொண்டது. மடியில் வைத்துப் படித்தால் கால் மரத்துப்போகும் எடை, விலையும் அதற்கேற்றபடி. ஸ்டீவ் ஆலிஃப் புதிதாக நிறம் தீட்டிய பதிப்பு அது. பழைய தாளின் மங்கிய நிறங்களை விரும்புபவர்களுக்குச் சற்றுப் பளபளப்பாகத் தோன்றலாம், எனக்குக் குறையாகப் படவில்லை. பணம் செலவழிக்கத் தயங்குபவர்கள் இணையத்தில் படிக்கும் மார்வெல் அன்லிமிடெட் சந்தாவில் ஒரு மாதத்துக்குள் தேவையானதைப் படித்துவிடலாம். கைபேசித் திரையில் மட்டும் வேண்டாம். ஜான் வொர்க்மன் கையால் எழுதிய எழுத்துகளும் ஒலிகளும் ஓவியத்தோடு சேர்ந்து பக்கத்தின் குறுக்கே நிற்பவை. பக்கத்தை முழுதாகப் பார்க்க வேண்டும்.

நான்காவது வழி காமிக்ஸுக்கு வெளியே இருக்கிறது. மூலத்தை முதலில் படிப்பது. கார்னில்லா என்ற பெயர் நார்ஸ் நூல்கள் எதிலும் இல்லை. நார்ன்களுக்கு அரசி என்றும் யாரும் கிடையாது. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்நோரி ஸ்டுர்லுசன் தொகுத்த உரைநடை எட்டா என்ற தொன்ம நூலில் நார்ன்கள் மூவர்: உர்த், வெர்தாண்டி, ஸ்குல்ட். உலக மரமான இக்ட்ராசிலின் வேருக்கு அருகே உர்த்தின் கிணறு இருக்கிறது. நாள்தோறும் அந்தக் கிணற்றிலிருந்து நீரையும் சுற்றியுள்ள சேற்றையும் அள்ளி மரத்தின் மேல் தெளிக்கிறார்கள், கிளைகள் அழுகிவிடாமல் இருக்க. அந்த நீர் பட்ட எதுவும் முட்டை ஓட்டின் உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வைப் போல வெளுத்துவிடுமாம். விதியை எழுதும் தேவியரைத் தோட்டத்துக்கு நீர் ஊற்றும் பெண்களாகக் கண்ட அந்த மனத்தை என்னால் வியக்காமல் இருக்க முடிவதில்லை. இவர்கள் மூவரைத் தவிர வேறு நார்ன்களும் உண்டு என்றும், தேவர் குலத்திலும் ஆல்வ் குலத்திலும் குள்ளர் குலத்திலும் பிறந்தவர்கள் அவர்கள் என்றும் அதே நூல் சொல்கிறது. எங்கோ ஒரு நார்ன்ஹைம் இருக்கலாம் என்று கற்பனை செய்ய அந்த ஒரு வரி போதும்.

அரசி வடிவம் வேறு மண்ணிலிருந்து வந்தது. நார்ஸ் சமூகத்தில் 'வோல்வா' எனப்பட்ட குறிசொல்லும் பெண்கள் இருந்தார்கள். 'செந்தலை எரிக்கின் சாகா' என்ற பழைய ஐஸ்லாந்துக் கதையில், கிரீன்லாந்தில் ஒரு வீட்டுக்கு அப்படி ஒருத்தி வருகிறாள், தோர்பியோர்க் என்று பெயர். விளிம்புவரை கற்கள் பதித்த நீல மேலாடை, வெள்ளைப் பூனைத்தோல் உள்வைத்த கறுப்பு ஆட்டுக்குட்டித் தோல் முக்காடு, பித்தளைக் குமிழ் வைத்த கோல், பூனைத்தோல் கையுறை. பஞ்ச காலம் அது. அவளுக்கு உயர்ந்த ஆசனம் போட்டு, வீட்டுத் தலைவனே கைப்பிடித்து அழைத்துச் செல்கிறான். இப்படிப்பட்ட ஒருத்திக்குக் கோட்டையும் படையும் கொடுத்தால் கார்னில்லா வந்துவிடுவாள். கிர்பி இதைப் படித்துவிட்டுத்தான் வரைந்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இதைப் படித்த கண்ணுக்கு அவர் வரைந்த அரசி வெறும் வில்லியாகத் தெரியமாட்டாள்.

பால்டரின் மனைவி பற்றியும் மூலத்தில் படித்தாக வேண்டும். அவள் பெயர் நன்னா. பால்டரின் உடலை ஹ்ரிங்ஹோர்னி என்ற கப்பலில் ஏற்றியபோது அவள் துயரத்தால் நெஞ்சு வெடித்து இறக்கிறாள், அதே சிதையில் அவளையும் வைக்கிறார்கள். சில வரிகளில் வந்து சில வரிகளில் முடிந்துவிடும் பெண். காமிக்ஸில் பால்டரின் பக்கத்தில் நிற்கும் அந்த இடம் பெரும்பாலும் கார்னில்லாவுக்கு வந்துவிட்டது. அவன் செத்ததும் கூடவே சாகும் பெண்ணின் இடத்தில், அவனைச் சாகவிடாமல் போராடும் பெண். மூலத்தைப் படிக்காதவருக்கு இந்த மாற்றத்தின் ருசி தெரியாது.

ஆனால் இந்த வழியிலும் ஆபத்து உண்டு. எட்டாக்களை முழுதாகப் படித்துவிட்டுத்தான் காமிக்ஸ் என்று உட்காருபவர்கள் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். பெயர்ப் பட்டியல்கள் மலைக்கவைக்கும். மொழிபெயர்ப்பைப் பொறுத்தும் அனுபவம் மாறும். 1916இல் வந்த பிரோடரின் ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது, நடை பழையது. ஆந்தனி ஃபோக்ஸின் 1987 மொழிபெயர்ப்பு தெளிவானது, நான் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருப்பது அதுதான். எதை எடுத்தாலும் 'கில்ஃபகின்னிங்' என்ற பகுதியில் பால்டரின் சாவு வரும் சில பக்கங்களையும் நார்ன்களின் கிணறு வரும் பக்கத்தையும் மட்டும் படியுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: அந்தச் சில பக்கங்கள், பிறகு 337ஆம் இதழிலிருந்து சைமன்சன், இடையிலேயே 'பால்டர் தி பிரேவ்'. கிர்பியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பின்னுக்குத் தள்ளுகிறேன் என்று சிலர் கோபிப்பார்கள். கிர்பி இல்லாமல் எதுவுமே இல்லை என்று நானும் நம்புகிறேன். ஆனால் ஓவியத்துக்காக வருபவருக்கும் ஒரு பெண்ணின் கதைக்காக வருபவருக்கும் ஒரே வாசலைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஓவியத்துக்காக வருபவர் தயங்காமல் 1964க்குப் போகட்டும். திரைப்படங்களில் ஹெலாவைக் கண்டு ஈர்க்கப்பட்டு வருபவர்களுக்கும் நான் சொல்வது சைமன்சனைத்தான். ஹெலாவின் உலகுக்குள் படையெடுத்துப் போகும் பெரும் பகுதி அங்கே இருக்கிறது, போகிற போக்கில் கார்னில்லாவும் கிடைப்பாள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருபவர்களுக்குத் தனியாக ஒன்று. அவர்களுக்கு மட்டும் வரிசையைத் திருப்பிப் போடுங்கள், 'டேல்ஸ் ஆஃப் அஸ்கார்ட்' தொகுப்பிலிருந்தே தொடங்கட்டும். ஐந்து பக்கக் கதைகள் அவர்களுடைய பொறுமைக்கு ஏற்றவை. பால்டரின் மனச்சோர்வையும் பாலைவனத்தையும் பதினான்கு, பதினைந்து வயதில் படித்தால் போதும்.

கடைசியாக 107ஆம் இதழைத் திறக்கும்போது அந்த ஐந்து பக்கங்களை அவசரமில்லாமல் பாருங்கள். அரசியாக அமர்ந்திருக்கிறாள். பால்டர் என்ற பெயர் அவளுக்கு இன்னும் ஒரு பெயர் மட்டுமே. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அவளைத் தேடி யார் நடந்து வருவான் என்பது உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.